தகட்டின் மேல் நீல வண்ணம்

முட்டம் துறைமுகத்தில் எத்தனை படகுகள் நின்றாலும், கடியப்பட்டணம் மேட்டு வீட்டுக்காரர்களின் ‘மரிய செல்வ’த்தைக் கண்டுபிடிக்கப் பெயர் வாசிக்க வேண்டியதில்லை. மேலே வெள்ளை, கீழே கருநீலம். ஆணித் தலையில்கூடத் துருவைப் பார்க்க முடியாது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் மற்றவர்கள் ஆள் வைத்துப் படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். ததேயுஸ் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. முழங்கால் தேய்ந்து கடலை விட்ட பிறகும், அறுபத்தேழு வயதிலும், உப்புத்தாளும் பிரஷுமாக அவரே இறங்கிவிடுவார். போல்ட்டைக் கழற்றி அடியிலும் அடித்தால்தான் அடித்ததாக அர்த்தம் என்பார். மேட்டு வீட்டுப் படகில் துரு பார்த்தேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் கோயிலில் முன்வரிசையில் நிற்பதில் என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

இந்த வருடம் அவர் பிரஷைத் தொடவில்லை. படகு பதினோரு மாதமாகக் கட்டிக் கிடந்தது. சென்ற ஆகஸ்ட் பதினேழாம் தேதி அவருடைய ஒரே மகன் ரெஜின் அந்தப் படகில்தான் இறந்தான்.

அன்று கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வலைக்கயிறு படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றி இன்ஜின் நின்றது. ரெஜின் கத்தியோடு குதித்துக் கயிற்றை அறுத்தான். அறுத்துவிட்டு ஏறும்போது ஓர் அலை படகைத் தூக்கி அவன் தலைமேல் இறக்கியது. இழுத்து மேலே போட்டபோது உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. அவனுடைய சித்தப்பா மகன் பிரதீஷ் வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு மற்றப் படகுகளை அழைத்தான். இன்னொருவன் இன்ஜினை எடுப்பதற்காகச் செல்ஃபை அடித்தான். செல்ஃப் அடித்த கணமே வயர்லெஸ்ஸும், இடம் காட்டும் ஜி.பி.எஸ்ஸும் அணைந்துபோயின. திரும்ப எரிந்து ஜி.பி.எஸ் இடத்தைப் பிடிக்க ஒன்றிரண்டு நிமிஷமாவது ஆகும். அதற்குள் அடுத்த செல்ஃப். பதற்றத்தில் யாருக்கும் கையை நிறுத்தத் தோன்றவில்லை. இன்ஜின் முனகிற்றே தவிர எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை அடித்ததில் பாட்டரியும் இறங்கி எல்லாம் ஒரேயடியாக இருண்டன. கேட்டுக்கொண்டிருந்த படகுகளுக்கு, ரெஜினுக்கு அடிபட்டிருக்கிறது என்பது வரைக்கும் கேட்டது. எந்த இடம் என்பது கேட்கவில்லை. தேடி வந்தவர்கள் நாலு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ரெஜின் மூன்றாவது மணி நேரத்திலேயே போய்விட்டான்.

அந்தக் கருவிகளுக்கெல்லாம் வயர் இழுத்தவன் ததேயுஸின் மருமகன் ஸ்மைலின். வடசேரிக்காரன், கத்தோலிக்கன் இல்லை, வேறு சபை. ஊர் ஊராகப் போய்ப் படகுகளுக்கு வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்ஸும் மாட்டிக் கொடுக்கிறவன். மகள் பெபிஷா விரும்பிக் கட்டியவன் என்பதால் ததேயுஸ் முதல் ஒரு வருடம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், “படகுக்குப் புதுசா வயர் இழுக்கணும், உம்ம மருமகன வரச் சொல்லும்” என்று தன் மனைவி மரியபுஷ்பத்திடம் சொன்னார். தன் மருமகன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் அவனை ஏற்றுக்கொண்டார் என்பதற்கு ஊர் பார்த்த அடையாளம் அதுதான். மேட்டு வீட்டுப் படகில் வெளியாள் கை வைப்பதில்லை.

செல்ஃப் அடித்தால் செட்டெல்லாம் அணைந்து எரிகிறது, இன்ஜினும் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது என்று ரெஜின் அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே வீட்டில் சொன்னான். பாட்டரிக்கு வயசாகியிருக்கும் என்றார் ததேயுஸ். அப்புறமும் அணையவே, பதினைந்தாம் தேதி ரெஜின் மச்சானுக்குப் போன் போட்டான். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றான் ஸ்மைலின். வியாழக்கிழமை ரெஜின் இறந்தான்.

இவ்வளவும் போதுமானதாக இருந்தது. ஸ்மைலின் இழுத்த வயர்தான் பிள்ளையைத் தின்றது என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது. கடைசியாகவும் உரக்கவும் சொன்னது ததேயுஸ். அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் ஸ்மைலின் படகின் இன்ஜின் அறைக்குள்ளிருந்து கையில் ஸ்பானரோடு ஏறி வருவதைப் பார்த்தார். துறைமுகத்தில் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். “கொன்னது போதாதுன்னு தடயத்த அழிக்க வந்தியாலே” என்று கேட்டார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனான். அன்று மாலையே ததேயுஸ் மகளிடம், அவனோடு இருக்கிறவரைக்கும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். படகு உரிமையாளர் சங்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தார். ஸ்மைலினை எந்தப் படகிலும் ஏற்றக் கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. அவன் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு ஷார்ஜாவுக்குப் போனதாகக் கேள்வி.

மரியபுஷ்பம் இதில் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு பரிமாறும்போது பக்கத்தில் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. ரெஜினின் படம், கீழே ஒரு வேத வசனம், அதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள். கோயில் சுவரிலும் துறைமுகத்திலும் வீட்டு முகப்பிலும் ஒட்டுவது வழக்கம். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று ஊர் முதலில் பார்ப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். வடசேரி அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் படிவத்தில் பெபிஷாவின் பெயரும் ஸ்மைலினின் பெயரும் இருந்தன. பழைய கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து அச்சகத்துக்காரர் சேர்த்திருக்கிறார். ததேயுஸ் சிவப்புப் பேனாவால் இரண்டையும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.

தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பிரதீஷ் வீட்டுக்கு வந்தான். படகை இனி அவன்தான் ஓட்டுவது என்று பேசியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். வெளியிலிருந்து நல்ல எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட்டி வந்து வயரிங் முழுவதையும் பார்த்த பிறகுதான் ஏறுவேன் என்றான். ததேயுஸுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. இத்தனை நாளும் ஊர்ப் பேச்சாக இருந்ததற்கு ஒரு தெளிவு கிடைக்கும். எந்தப் பக்கமும் சேராத, யாருக்கும் சொந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று விசாரித்து, அஞ்சுகிராமத்திலிருந்து பொன்னுலிங்கத்தை வரவழைத்தார். டிராக்டர், லாரி, படகு என்று முப்பத்தைந்து வருடம் வயரைப் பிடித்த கை. சாட்சிக்குச் சங்கச் செயலாளரையும் படகுக்கு வரச் சொன்னார். கண்டுபிடிப்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பொன்னுலிங்கம் வாய் ஓயாத மனிதர். புதுப் பாட்டரி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்.

“அண்ணாச்சி, இந்தச் சீக்குக்கு எல்லாரும் முதல்ல பாட்டரியத்தான் வைவாங்க. அந்த வாதமே வேண்டாம்னுதான் சார்ஜ் ஏத்தி நானே கொண்டாந்துட்டேன். இதுலயும் அணைஞ்சா, கோளாறு வேற எடத்துல.”

மாட்டினார்கள். ஜி.பி.எஸ்ஸும், வயர்லெஸ்ஸும், மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோவும் எரிந்தன. பிரதீஷ் செல்ஃபை அடித்தான். இன்ஜின் கிழவன் இருமுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்று கருவிகளும் ஒன்றாக அணைந்தன. ததேயுஸ் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையை ஆட்டினார். படகின் மேல்தட்டில் நின்றிருந்த ததேயுஸின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

பொன்னுலிங்கம் கருவிப் பலகையின் பின்மூடியைக் கழற்றினார். கழற்றியவர் வேலையை மறந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வயர்கள் முடி வாரியதுபோல் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ். ஒவ்வொரு பியூஸுக்கும் மேலே வெள்ளை நாடா ஒட்டி, அதில் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. வயர்லெஸ். எக்கோ. ஜி.பி.எஸ். முன் விளக்கு. கடைசி நாடாவில் ‘மச்சான் பாட்டு’ என்று இருந்தது. ரெஜின் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கு உரியது அது.

“இத இழுத்த பையன் யாரு?” என்று கேட்டார் பொன்னுலிங்கம். “ஆளக் காட்டுங்க. கையோட எங்க கடைக்கு இழுத்துட்டுப் போயிருதேன். நானே இவ்வளவு சுத்தமா பண்ணமாட்டேன், பாத்துக்கிடுங்க.”

செயலாளர் கடலைப் பார்த்தார்.

“வேலையப் பாரும்” என்றார் ததேயுஸ்.

பொன்னுலிங்கம் மீட்டரை எடுத்தார். முதலில் பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். பன்னிரண்டரை வோல்ட் பதினொன்றரைக்கு இறங்கி நின்றது. அது சரி என்றார். அடுத்து வயர்லெஸ்ஸுக்குப் போகிற இரண்டு வயர்களில் வைத்தார். செல்ஃப் அடித்ததும் ஆறுக்கு விழுந்தது. பாட்டரியில் இருக்கிறது, செட்டுக்கு வரவில்லை, வழியில் எங்கேயோ தின்கிறது என்று சொல்லிக்கொண்டே இன்ஜின் அறைக்குள் இறங்கினார். பாசிட்டிவ் பக்கம் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். குற்றமில்லை. பிறகு நெகட்டிவ் பக்கம் வந்தார்.

இன்ஜின் படுக்கைக்கு அடியில் உள்ளங்கையகல இரும்புத் தகடு ஒன்று இருந்தது. பாட்டரியிலிருந்து வரும் கனத்த நெகட்டிவ் கேபிள் அதில் ஒரு போல்ட்டில் வந்து சேர்ந்தது. இன்ஜினுக்கும் கருவிகளுக்கும் எர்த் அங்கிருந்துதான் பிரிந்துபோயிற்று. மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றைத் தகட்டிலும் அழுத்தி வைத்துக்கொண்டு குரல் கொடுத்தார். மேலே பிரதீஷ் செல்ஃபை அடித்தான்.

“அஞ்சு வோல்ட்” என்றார் பொன்னுலிங்கம் உள்ளேயிருந்து. “ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா இடையில அஞ்சு வோல்ட் நிக்கி. புடிச்சாச்சு அண்ணாச்சி.”

செயலாளர் குனிந்து எட்டிப் பார்த்தார். ததேயுஸும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். டார்ச் வெளிச்சத்தில் தகடு கருநீலமாகப் பளபளத்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. பொன்னுலிங்கம் போல்ட்டைக் கழற்றிக் கேபிளின் முனையை விலக்கினார். அதற்கு அடியிலும் கருநீலம். கத்தி முனையால் சுரண்டினார். நீலம் உரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு நீலம். அதற்கும் கீழே செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு. அப்புறம்தான் இரும்பு.

அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. வேலை தெரிந்தவன் வேலையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“எந்த மகராசன் அடிச்சாரோ, மனசு வச்சு அடிச்சிருக்காரு. ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேல ரெண்டு கோட்டு. நம்மாளுக சும்மா மேலால தடவிட்டுப் போவாங்க, அதுல ஒரு கெடுதலும் கிடையாது. இவரு கேபிளக் கழத்தி, அடியில அடிச்சு, காயவச்சு, திரும்ப மாட்டியிருக்காரு. பெயிண்டு வழியா கரண்டு போவாதுல்லா அண்ணாச்சி. போல்ட் மரையில தொட்டும் தொடாமலும் கிடக்கிறதுல செட்டு எரியும், லைட்டு எரியும். செல்ஃப் கேக்குற கரண்டுக்கு அந்த வழி போதாது. அடிச்ச ஒடனே எல்லாம் பட்டினி. போகப் போக இன்ஜினும் எடுக்காது.”

ததேயுஸ் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஜூலை மாதம், இதே படியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம்தான் முதல் தடவையாகத் தகட்டின் ஓரத்தில் துரு பூத்திருந்தது. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துணி விரித்து வரிசையாக வைத்தார். மேலே ரெஜின் தேநீர்த் தம்ளரோடு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அப்பா, அது உள்ள கெடக்க தகடு. அத யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேம்லே” என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. ரெஜின் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். ததேயுஸ் இரண்டாவது கோட்டு அடித்து முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நிறைவோடு வீட்டுக்கு நடந்தது இப்போதும் நினைவில் இருந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். ஊருக்கு நல்லவர், ததேயுஸிடம் மரியாதை உள்ளவர். அவர் நினைத்ததைச் சொன்னார்.

“அப்போ சரிதானே. அந்தப் பயலுக்கு அறிவு வேண்டாமா? வயர் இழுத்தவன் பெயிண்டு மேலயே மாட்டிட்டுப் போயிருக்கான். அப்படியே எழுதிக் கொடும் வேய்.”

வழி திறந்து கிடந்தது. பொன்னுலிங்கத்துக்கு யார் அடித்தார்கள் என்று தெரியாது. வயர் இழுப்பதற்கு முன்பே அடித்த பெயிண்ட் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். சென்ற ஜூலையில் கழற்றி அடித்தது தெரிந்தவன் பிரதீஷ் ஒருவன்தான். அவன் மேலே கருவிப் பலகையின் அருகில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்து தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ததேயுஸ் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். மேட்டு வீடு இருந்தபடியே இருக்கும். கோயிலில் முன்வரிசை இருக்கும். நோட்டீஸில் அடித்த இரண்டு பெயர்கள் அடித்தபடியே கிடக்கும்.

பொன்னுலிங்கம் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“வயர் இழுத்தவன் மாட்டல” என்றார் ததேயுஸ். “அவன் மாட்டிக் கொடுத்து ரெண்டு வருஷம் ஒரு கோளாறும் இல்லாம ஓடிச்சு. கழத்தினது நான். அடிச்சது நான். திரும்ப மாட்டினதும் நான்தான். என் பேரை எழுதும்.”

செயலாளர் ஏதோ சொல்ல வந்தார். ததேயுஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ததேயுஸ், மேட்டு வீடு. தெளிவா எழுதும்.”

பொன்னுலிங்கத்துக்கு அப்போதுதான், இறந்தது யார், வயர் இழுத்தது யார் என்று ஒவ்வொன்றாகப் புரிந்திருக்க வேண்டும். உப்புத்தாளை எடுத்துத் தகட்டை வெள்ளையாகும்வரை தேய்த்தார். கேபிள் முனையையும் தேய்த்தார். இறுக்கி மாட்டி, உப்புக்காற்று ஏறாமலிருக்க மேலே வாஸ்லின் தடவினார். பத்து நிமிஷம் ஆயிற்று. பிரதீஷ் செல்ஃபை அடித்தான். இன்ஜின் ஒரே தட்டில் எடுத்தது. வயர்லெஸ் அணையவில்லை. ஜி.பி.எஸ்ஸும் எக்கோவும் அணையவில்லை. துறைமுகத்தின் அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவன் தன் படகிலிருந்து, இன்றைக்கு ஐஸ் வண்டி வருமா என்று கேட்பது வயர்லெஸ்ஸில் தெளிவாகக் கேட்டது. ததேயுஸ் இன்ஜின் அறையின் படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முழங்கால் விடவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

போகும்போது பொன்னுலிங்கம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். போல்ட்டின் ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. யாரோ ஸ்பானர் வைத்து அசைத்து, பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் தான் இல்லை என்றார்.

எல்லாரும் போன பிறகு பிரதீஷ் அருகில் வந்து உட்கார்ந்தான்.

“அவன்தான் பெரியப்பா. ஷார்ஜா பிளைட் ஏறப் போறதுக்கு மொத நாள் எனக்குப் போன் போட்டான். படகு எப்ப கடலுக்குப் போனாலும் அதுக்கு முன்னே அந்த எர்த் தகட்டக் கழத்திப் பாக்கச் சொல்லு, நான் சொன்னதாச் சொல்லாதேன்னான். என்ன இருக்குன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல. நீங்க அத அடிச்சது எனக்கு நெனவு இருந்துச்சு. பெயிண்டால இப்பிடி ஆவும்னு தெரியாது.”

ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போன முதுகு ததேயுஸின் கண்ணில் வந்து நின்றது. அவன் அன்று அவர் முகத்தில் எதைப் பார்த்தான் என்று பதினோரு மாதம் கழித்து அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை சங்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். போன வருடத்துக் கடிதத்தைவிடச் சின்னது. எலக்ட்ரீசியன் எழுதிக் கொடுத்த தாளையும் அதோடு இணைத்து, சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்பும் உரக்க வாசிக்க வேண்டும் என்று கேட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு வடசேரிக்குப் போக நாகர்கோவில் பஸ் ஏறினார்.

வடசேரியில் அச்சகத்துக்காரர் நோட்டீஸைக் கட்டுக் கட்டாக அடித்து வைத்திருந்தார். மறுபடியும் அடிக்க வேண்டும் என்றார் ததேயுஸ். பெற்றோர் பெயருக்கு அடுத்த வரியில், மகள் பெபிஷா, மருமகன் ஸ்மைலின். எழுத்து சிறிதாகப் போய்விடும் என்றார் அச்சகத்துக்காரர். வேத வசனத்தைச் சிறிதாக்கும், பெயரைச் சிறிதாக்க வேண்டாம் என்றார் இவர். ஈரம் காயாத ஒரு நோட்டீஸைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருந்த ஸ்மைலின் வீட்டை விசாரித்து நடந்தார். கல்யாணம் ஆகி நாலு வருடத்தில் அந்த வீட்டுக்கு அவர் போனதில்லை.

கதவைத் திறந்தது ஸ்மைலினின் தாய் தங்கபாய். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவரை ஒரு கணம் பார்த்தாள். ததேயுஸ் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாங்க” என்றாள். “எங்க வீட்டு வாசல்ல நாங்க யாரையும் நிறுத்துறது இல்ல.”

நாற்காலி போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பெபிஷா வந்தாள். மெலிந்திருந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அவர் நோட்டீஸை நீட்டினார். விரித்துப் பார்த்தாள். தம்பியின் படத்தின் மேல் கையை வைத்திருந்தாள். கீழே வந்து தன் பெயரையும் கணவன் பெயரையும் வாசித்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள்.

“பேரப் போட்டாச் சரியாயிருமாப்பா?”

அவர் சொல்லத் தொடங்கினார். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை ஒழுங்குபடுத்தித்தான் வைத்திருந்தார். தகடு, நீலம் என்று இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள் பெபிஷா. “படகுலேருந்து வந்த அன்னைக்கே அவங்க எங்கிட்ட சொன்னாங்க. மாமா பிள்ளையத் தூக்கிக் குழியில வச்சுட்டு நிக்காரு, இதையும் அவரு தலையில எப்படி வைக்கன்னு கேட்டாங்க. வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க.” அவள் குரல் உயரவில்லை. “நான் நல்லவ இல்லப்பா. அந்தச் சத்தியம் மட்டும் இல்லன்னா, நீங்க வாசல மிதிக்காதேன்னு சொன்ன அன்னைக்கே உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். தெனமும் சொல்லணும்னு தோணும்.”

“சொல்லியிருக்கலாம் மக்கா” என்றார் ததேயுஸ்.

அவள் போனை எடுத்து அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் ஏதோ பட்டறைச் சத்தம். பெபிஷா என்று நினைத்துப் பேச ஆரம்பித்தான்.

“நான் மாமா பேசுதேன்.”

சத்தம் குறைந்தது. அவன் எங்கேயோ தள்ளிப் போயிருக்க வேண்டும்.

“தகட்டக் கழத்திப் பாத்தாச்சு” என்றார் அவர். “நான்தான் அடிச்சேன். சங்கத்துல எழுதிக் கொடுத்தாச்சு.”

ததேயுஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தலையையும் குனியவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது தாடைக்கு வந்து சட்டையில் விழுந்ததை அவர் துடைக்கவும் இல்லை. அப்பா அழுது பெபிஷா பார்த்ததில்லை. தம்பியின் அடக்கத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

“எழுதியிருக்க வேண்டாம் மாமா” என்றான் ஸ்மைலின் கடைசியில். பிறகு, “நல்லாச் சுரண்டினாங்களா? வாஸ்லின் போட்டாங்களா?” என்று கேட்டான்.

போட்டார்கள் என்றார்.

“திரும்பப் பெயிண்டு அடிச்சிராதீங்க.”

“அடிக்கமாட்டேன்.”

பதினேழாம் தேதி திருப்பலிக்கு வர வேண்டும் என்று அழைத்தார். முன்வரிசையில் தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. ஸ்மைலின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். சேர்ந்து ஒரு வருடம் ஆகாமல் லீவு தரமாட்டார்கள் மாமா என்றான். தரமாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். தந்தாலும் அந்தத் துறைமுகத்தில் அவன் இனிக் கால் வைக்க மாட்டான் என்பது குரலில் இருந்தது. அவன் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் இருந்திருப்பார், அப்படி இருப்பதைத்தான் மதித்திருப்பார். அதனால் வற்புறுத்தவில்லை.

பதினேழாம் தேதி பெபிஷா வந்தாள். அம்மாவும் மகளும் பெண்கள் பக்கத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ததேயுஸ் முன்வரிசைக்குப் போகவில்லை. பின்னால், கதவருகே நின்றார். சங்கத்தில் கடிதம் வாசித்தது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. சிலர் கையைப் பிடித்தார்கள், சிலர் பார்க்காததுபோல் போனார்கள். வெளியே சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு பெண்கள் அதன் கடைசி வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து அவர் மட்டும் துறைமுகத்துக்குப் போனார். பிரதீஷ் அன்று படகை எடுக்கவில்லை. இன்ஜின் அறையில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கேபிள் உட்கார்ந்த இடம் வெள்ளையாக, வாஸ்லின் பூச்சோடு இருந்தது. அதைச் சுற்றிச் சுரண்டிய இடத்தில், பூச்சு எட்டாத ஓரத்தில், துரு மஞ்சளாகப் பொடிந்து வரத் தொடங்கியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் உப்புத்தாள் துண்டுக்குக் கை தானாகப் போயிற்று.

கையை வெளியே எடுத்தார். துரு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்து மேலே ஏறினார்.